பொட்டு வைத்தால் போதும்

பழைய தச்சுப் பட்டறைகளுக்கென்று ஒரு வாசனை இருந்தது. இழைப்புளி சுருட்டித் தள்ளிய தேக்குச் சீவலின் எண்ணெய் மணம் மேலாக வீசும். அதற்கு அடியில் வச்சிரம் என்ற பசையின் வாடை கிடக்கும். மூலையில் குமுட்டி அடுப்பு, அதன்மேல் தண்ணீர்ச் சட்டி, அந்தச் சட்டிக்குள் இன்னொரு சிறு சட்டி, அதில் தேன் நிறத்தில் இளகிக்கொண்டிருக்கும் பசை. மாட்டுத் தோலையும் எலும்பையும் காய்ச்சி எடுத்தது என்று யாரும் சொல்ல வேண்டாம், மூக்கே சொல்லிவிடும். இன்றைய பட்டறைகளில் அந்த வாடை இல்லை. வெள்ளைப் பசையின் மெல்லிய புளித்த நெடியும், லேசர் எந்திரம் பலகையைச் சுட்டு வெட்டும்போது எழும் கருகல் நெடியும்தான் இருக்கின்றன. ஆனால் பழைய மேசை ஒன்றின் மூட்டை யாராவது வெந்நீர்த் துணி போட்டு இளக்கினால் அந்த வாடை சட்டென்று எழும்பும். கூடவே ஒரு காலத்து வீட்டு முன்னறைகளும் எழுந்து வரும். பூவேலைத் துணி போர்த்திய வானொலி, கண்ணாடி அலமாரியில் தஞ்சாவூர்த் தலையாட்டி பொம்மை, காலண்டர் முருகன், இவற்றுக்கு நடுவே கறுப்பு வெல்வெட் போர்த்திய பலகையின்மேல் பிளைவுட்டில் அறுத்தெடுத்த ஒரு நடராஜர், ஒரு மயில், அல்லது ஒரு கீதோபதேசத் தேர்.

அவை பெரும்பாலும் கடையில் வாங்கியவை அல்ல. கைத்தொழில் வகுப்பிலோ முழுப்பரீட்சை விடுமுறையிலோ அந்த வீட்டுப் பையன் ஃபிரெட் சா கொண்டு அறுத்தவை. ‘ப’ எழுத்தைக் கவிழ்த்துப் போட்டதுபோன்ற இரும்புச் சட்டம், அதன் இரு முனைக்கும் நடுவே நூல் கனத்தில் ஒரு பிளேடு, மேசை விளிம்பில் திருகி வைக்கும் வாய் பிளந்த சிறு பலகை, இவ்வளவுதான் கருவி. படத்தைக் கார்பன் தாள் வைத்துப் பலகையில் ஏற்ற வேண்டும். உள்ளே வெட்டி நீக்க வேண்டிய ஒவ்வோர் இடத்திலும் கைத்துளைப்பானால் ஓட்டை போட்டு, பிளேடைக் கழற்றி அந்த ஓட்டைக்குள் நுழைத்து மறுபடி மாட்டி அறுக்க வேண்டும். நடராஜரின் திருவாசியில் எத்தனை சுடர் உண்டோ, ஏறத்தாழ அத்தனை முறை இந்தக் கழற்றி மாட்டல். பிளேடு ஒடிவது அன்றாட நிகழ்ச்சி. இந்தப் பொழுதுபோக்கு விக்டோரியா காலத்து இங்கிலாந்தில் பெருவாரியாகப் பரவியது. நார்ஃபோக் மாவட்டத்து டெரஹம் என்ற சிற்றூரைத் தலைமையிடமாகக் கொண்ட ‘ஹாபீஸ்’ நிறுவனம் 1895இல் வார இதழே தொடங்கி, அறுப்பதற்கான படத் தாள்களை வீடு வீடாகக் கொண்டுசேர்த்தது. இங்கே வந்ததும் கடிகாரக் கூடுகளும் தேவாலயக் கோபுரங்களும் போய் மயிலும் பிள்ளையாரும் ஆயின. காந்தியின் ஆதாரக் கல்வி கைவேலையைப் பள்ளிக்குள் கொண்டுவந்தது. 1977இல் ஈசுவர்பாய் பட்டேல் குழு சமூகப் பயனுள்ள உற்பத்தி வேலை என்று அதற்கு வேறு பெயர் சூட்டியது. மதிப்பெண் பட்டியலில் அதற்கு இடம் குறைந்ததும் ஃபிரெட் சா பெட்டிகள் பரணுக்குப் போயின.

அப்படி வாரக்கணக்கில் அறுத்து, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, வார்னிஷ் அடித்த வேலையைப் பின்பலகையில் பொருத்துவதற்கு ஒதுக்கிய நேரம் எவ்வளவு? பின்புறம் முழுக்கப் பசையைத் தடவி, வெல்வெட்டின்மேல் வைத்து, தடிப்புத்தகங்களை அடுக்கி, ராத்திரி படுக்கப் போவதற்குள் முடித்துவிடுவார்கள். காலையில் விளிம்பெங்கும் பசை பிதுங்கி வெள்ளையாகக் காய்ந்திருக்கும். அதை யாரும் பெரிதாக நினைக்கவில்லை, தூரத்திலிருந்து பார்த்தால் தெரியாது என்று மாட்டிவிட்டார்கள். ஆனால் அந்தப் படங்களின் இன்றைய நிலையைப் பார்த்தால் எந்த இடத்தில் பழுது தொடங்கியது என்பது தெளிவாகத் தெரிகிறது. அறுத்த வேலை பெரும்பாலும் நன்றாகவே இருக்கிறது. பின்பலகை வளைந்திருக்கிறது, அல்லது நடுவே விரிசல் ஓடியிருக்கிறது. வெல்வெட் வெளுத்துப் பழுப்பாகிவிட்டது. புது வெல்வெட் போட வழியில்லை, ஏனென்றால் மயிலை அதிலிருந்து பிரித்தால் தோகை தனியாக, கழுத்து தனியாக வரும். படத்துக்கு உயிர் இருந்தும் பின்னால் இருப்பதோடு சேர்ந்து அதுவும் பழைய சாமான் கடைக்குப் போகிறது. ஆகவே என் வாதம் இது: அறுப்பு வேலையைப் பின்பலகையோடு முழுப்பரப்பிலும் ஒட்டவே கூடாது. சில இடங்களில் மட்டும், எடை தாங்கும் அளவுக்கு மட்டும், பின்னொரு நாள் பிரித்தெடுக்க முடிகிற மாதிரி பொருத்த வேண்டும். பசையைக் குறைப்பது சோம்பேறித்தனம் என்றே நம்மில் பலர் நினைக்கிறோம். மரத்தின் இயல்பு வேறு மாதிரி சொல்கிறது.

மரத்தை வெட்டி, உலர்த்தி, இழைத்து, பாலிஷ் போட்ட பின்னும் அது காற்றிலிருக்கும் ஈரத்தை வாங்கிக் கொடுத்துக்கொண்டேதான் இருக்கும். காற்றின் ஈரப்பதம் 60 சதவீதம் இருக்கும் நாட்களில் மரத்துக்குள் சுமார் 11 சதவீத ஈரம் நிற்கும். ஐப்பசி அடைமழையில் காற்று 80 சதவீதத்தில் நீடித்தால் மரத்தின் ஈரம் 16 சதவீதத்தை எட்டும். ஈரம் ஏறினால் மரம் விரியும், இறங்கினால் சுருங்கும். ஆனால் எல்லாப் பக்கமும் ஒரே அளவில் அல்ல என்பதுதான் தொல்லை. பச்சை மரம் முற்றிலும் உலரும்போது நார் ஓடும் நீளவாக்கில் பெரும்பாலான மரங்கள் 0.1 முதல் 0.2 சதவீதமே சுருங்கும். குறுக்குவாக்கில் தேக்கு, ஆண்டு வளையத்தைத் தொட்டு ஓடும் திசையில் 5.8 சதவீதம் வரையிலும், மையத்திலிருந்து வெளியே போகும் திசையில் 2.5 சதவீதம் வரையிலும் சுருங்கும். இத்தனைக்கும் தேக்கு மிக அடக்கமான மரம் என்று பேர் வாங்கியது. இந்தக் கணக்கைச் சுவரில் தொங்கும் படத்துக்குப் போட்டுப் பார்க்கலாம். 30 செ.மீ. அகலத் தேக்குப் பலகை, வளையத்தைத் தொட்டு அறுத்தது, வெயிலுக்கும் மழைக்கும் நடுவே 5 சதவீத ஈரம் ஏறி இறங்குகிறது என்றால், அதன் அகலம் சுமார் 3 மி.மீ. கூடிக் குறையும். அதன்மேல் முழுப்பரப்பில் ஒட்டிய மெல்லிய மயில் என்ன செய்யும்? கூடவே விரிய அதற்கு இயலாது, குறிப்பாக அதன் நார் வேறு திசையில் ஓடினால். ஒன்று பலகை கிண்ணம்போல் வளையும், இல்லையேல் மயிலின் மிக மெலிந்த இடம் எதுவோ அங்கே பிளக்கும். குளிர்சாதன அறைக்குள் கொண்டுபோய் மாட்டினால் இந்த ஏற்ற இறக்கம் இன்னும் கூடலாம்.

இதை நம் தச்சர்கள் அறியாதவர்கள் அல்ல. பழைய தேக்குக் கதவுகளைக் கழற்றிப் பார்த்தால், சுற்றுச் சட்டத்தில் காடி எடுத்து, நடுப்பலகையை அந்தக் காடிக்குள் பசையும் ஆணியும் இல்லாமல் சும்மா நிறுத்தியிருப்பது தெரியும். மழைக்காலத்தில் பலகை காடிக்குள் விரியும், பங்குனியில் உள்வாங்கும், அப்போது பாலிஷ் படாத ஒரு மெல்லிய கோடு விளிம்பில் வெளியே தெரியும். ஒட்டாததனால்தான் அந்தக் கதவு தலைமுறைகளைத் தாண்டி நிற்கிறது. எதிர்மாறான சான்று ஐரோப்பாவில் இருக்கிறது. பலகையில் தீட்டிய பழைய ஓவியங்கள் வளைவதைக் கண்ட 19ஆம் நூற்றாண்டுச் சீர்செய்வோர், பலகையைப் பின்பக்கம் இழைத்து மெலிதாக்கி, அதன்மேல் கட்டைகளைக் கட்டம் கட்டமாகப் பொருத்தினார்கள். ஒரு வரிசையை ஒட்டிவிட்டு, குறுக்கு வரிசை நகர்ந்து கொடுக்கட்டும் என்று விட்டார்கள். நாளடைவில் நகர வேண்டிய கட்டைகளும் இறுகிப்போயின. வளைய முடியாத ஓவியப் பலகை நீளவாக்கில் வெடித்தது. காப்பாற்றப் போட்ட கட்டே கெடுத்தது என்பதை உணர்ந்து, அந்தக் கட்டங்களைக் கழற்றுவதையே இன்றைய அருங்காட்சியக வல்லுநர்கள் பல ஓவியங்களுக்குச் சிகிச்சையாகச் செய்கிறார்கள்.

அறுத்தெடுத்து ஒட்டும் கலைக்கே நேராகப் பொருந்தும் சான்று வேண்டுமென்றால் ஆந்த்ரே சார்ல் பூல் (1642–1732) செய்த மேசைகளையும் அலமாரிகளையும் பார்க்க வேண்டும். பதினான்காம் லூயி மன்னரின் அரண்மனைக்கு வேலை செய்த தச்சர் அவர். பித்தளைத் தகட்டையும் ஆமை ஓட்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து ஒரே அறுப்பில் கொடியும் இலையுமாக வெட்டுவார். பித்தளைக் கொடியை ஆமை ஓட்டு வெளியிலும், ஆமை ஓட்டுக் கொடியைப் பித்தளை வெளியிலும் பதித்தால் ஒன்றுக்கொன்று மாற்றான இரண்டு பலகைகள் கிடைக்கும். ஃபிரெட் சாவின் கொள்ளுப்பாட்டன் என்று அந்த அறுவையைச் சொல்லலாம். அதை மரக்கூட்டின்மேல் முழுப்பரப்பிலும் ஒட்டினார். மரம் பருவத்துக்கு ஏற்ப அசைகிறது, பித்தளை அசைவதில்லை. முந்நூறு ஆண்டாக அந்தப் பித்தளை நெளிகள் விளிம்பில் தூக்கிக்கொண்டு நிற்பதும் சீர்செய்வோர் அவற்றை மறுபடி படிய வைப்பதும் ஓயாத வேலையாக நடக்கிறது. அவ்வளவு பெரிய கைக்கும் மரத்தின் அசைவு சலுகை காட்டவில்லை. ஆனால் மறுபடி படிய வைக்க முடிகிறதே, அதற்குக் காரணம் வச்சிரம். சூடும் ஈரமும் பட்டால் இளகும், ஆறினால் பிடிக்கும், பழைய வச்சிரத்தின்மேல் புது வச்சிரம் ஒட்டும். பூல் ஒட்டியதை இன்னொருவர் பிரித்து ஒட்ட அந்தப் பசை இடம் கொடுக்கிறது.

அப்படியானால் வச்சிரத்துக்கே திரும்பிவிடலாமா? அந்த வாடையை நினைத்து உருகுகிறவர்கள் அப்படித்தான் சொல்வார்கள். நான் சொல்ல மாட்டேன். முதல் நாளே ஊறப்போட்டு, மறுநாள் பொங்காமல் காய்ச்சி, சூடு ஆறுமுன் ஒட்டி முடிக்க வேண்டிய பசை அது. அறுப்பு வேலையின் நூறு மெல்லிய கம்பிகளுக்கும் பூசி முடிப்பதற்குள் முதலில் பூசிய இடம் உறைந்துவிடும். கடலோர ஊர்களின் ஈரத்தில் பிடி தளரும், பூஞ்சை பிடிக்கும், பூச்சியும் தின்னும். 1959இல் ஃபெவிகால் வந்தபோது தச்சர்கள் குமுட்டியை அணைத்ததற்குக் காரணம் விளம்பரம் மட்டுமல்ல. ஜெர்மனியின் ஃபிரிட்ஸ் கிளாட்டே 1912இல் கண்டறிந்த பாலிவினைல் அசிடேட் என்ற பொருள்தான் அந்த வெள்ளைப் பசையின் உடம்பு. காய்ச்ச வேண்டாம், நாறாது, மரத்தை மரத்தோடு ஒட்டினால் ஒட்டிய இடத்தை விட்டுவிட்டு மரமே பிய்ந்து வரும். குறை எங்கே நேர்ந்தது என்றால், பசை மாறியதற்கேற்பப் பழக்கம் மாறவில்லை. பிரிக்க முடிந்த பசையைத் தாராளமாகப் பூசிய கை, பிரிக்க முடியாத பசையையும் அதே தாராளத்தோடு பூசியது. பசைக்குள் இருந்த மன்னிப்பு போய்விட்டபின், ஒட்டும் முறையில்தான் அதை வைக்க முடியும்.

இந்த இடத்தில் நியாயமான மறுப்பு ஒன்று வரும். பள்ளிப் பையன் அறுத்தது தேக்கா என்ன? பிளைவுட்தானே! பிளைவுட்டில் ஒவ்வோர் அடுக்கும் அடுத்த அடுக்குக்குக் குறுக்காக நார் ஓடும்படி ஒட்டப்பட்டிருப்பதால் ஒன்றை ஒன்று பிடித்துக்கொள்கிறது. அகலம் கூடிக் குறைவது மிகச் சொற்பம். பிளைவுட்டைப் பிளைவுட்டின்மேல் முழுக்க ஒட்டினால் என்ன கெட்டுவிடும்? அசைவைப் பொறுத்தவரை இந்த மறுப்பை ஒப்புக்கொள்கிறேன். 3 மி.மீ. பிளைவுட் மயிலை 12 மி.மீ. பிளைவுட் பலகையில் முழுக்க ஒட்டினால் மழைக்காலம் அதைப் பிளக்காது. ஆனால் வேறு தொல்லைகள் அப்படியே இருக்கின்றன. வெள்ளைப் பசையில் கணிசமான பங்கு தண்ணீர். மெல்லிய பலகையின் ஒரு முகத்தில் மட்டும் அதை முழுக்கப் பூசினால், அந்த முகம் தண்ணீரைக் குடித்து விரிந்து, ஒட்டுவதற்குள்ளேயே விளிம்புகள் தூக்கிக்கொள்ளும். தூக்கியதை அமுக்கக் கனம் வைப்பார்கள், கனம் வைத்தால் பசை பிதுங்கும், பிதுங்கியதைத் துடைத்தால் மரத்தின் துளைகளுக்குள் போய்விடும். அதன்மேல் எந்தப் பாலிஷும் ஏறாது, வெளிறிய திட்டாக என்றைக்கும் நிற்கும். நீண்ட நாள் கழித்து வெல்வெட்டை மாற்றவோ, ஒடிந்த கொண்டையைச் சரிசெய்யவோ முடியாது என்பது பிளைவுட்டுக்கும் தேக்குக்கும் பொது.

அடுத்த மறுப்பு பலம் பற்றியது. அங்கொன்றும் இங்கொன்றுமாக ஒட்டினால் விழுந்துவிடாதா என்று கேட்பார்கள். எடையைக் கணக்கிட்டால் இந்தப் பயம் போய்விடும். 30 செ.மீ. சதுரத்தில் 3 மி.மீ. பிளைவுட், அதில் பாதியை அறுத்து நீக்கிவிட்டோம் என்றால் மிஞ்சுவது சுமார் 135 கன செ.மீ. மரம். எடை 80 முதல் 100 கிராம் வரும். இந்தச் சிறு கனத்தைத் தாங்க, 8 மி.மீ. அகலப் பசைப் பொட்டு ஒன்றே போதும், நல்ல மரப்பரப்பில் அது பல கிலோவைத் தாங்கும். எட்டுப் பத்துப் பொட்டு வைப்பது எடைக்காக அல்ல, தோகையின் நுனி தூக்கிக்கொள்ளாமல் இருக்கவும், துடைக்கிற துணியில் மாட்டாமல் இருக்கவும்தான். பலகை ஒரே மரமாக இருந்து படமும் தேக்காக இருந்தால் பொட்டுகளையெல்லாம் நார் ஓடும் திசையில் நடுவே ஒரே வரிசையாக வைத்துவிட வேண்டும், குறுக்கே ஒன்றும் கூடாது. அப்போது இரு பக்கமும் தன்னிஷ்டப்படி விரியலாம். பொட்டு வைக்க ஊதுபத்திக் குச்சி போதும். கம்பிகள் மிக மெலிதாக இருந்தால் கண்ணாடித் துண்டின்மேல் பசையைப் படலமாக உருட்டி, வேலையின் வேண்டிய இடங்களை மட்டும் அதில் மெல்லத் தொட்டு எடுத்தால் அங்கே மட்டும் மெலிதாகப் பிடிக்கும். பிதுங்க அங்கே பசையே இருக்காது.

பொட்டு முறையில் கண்ணுக்கும் ஒரு லாபம் உண்டு. எனக்கு இதுவே பெரிய காரணம் என்றுகூடச் சொல்வேன். அறுப்பு வேலையின் அழகு பாதி மரத்தில், பாதி இல்லாத இடத்தில். பலகையோடு பலகையாக அப்பிவிட்டால் அது அச்சடித்த படம் மாதிரிதான் தெரியும். பொட்டு வைக்கும் இடங்களில் 4 அல்லது 5 மி.மீ. கனத்தில் சிறு மரத்துண்டுகளைக் கொடுத்து வேலையைத் தூக்கி நிறுத்தினால், சன்னல் வெளிச்சம் பக்கவாட்டில் விழும்போது ஒவ்வொரு சுடரின் நிழலும் பின்பலகையில் விழும். காலையில் ஒரு பக்கம், மாலையில் மறு பக்கம் என்று அந்த நிழல் இடம் மாறும். துண்டுகள் முன்னாலிருந்து தெரியாதபடி வேலையின் அகலமான இடங்களுக்குப் பின்னால் ஒளிந்துகொள்ள வேண்டும், அவ்வளவுதான். முழுப்பரப்பில் ஒட்டும் பழக்கம் இந்த நிழலைக் கொன்றுவிட்டது. இன்னொன்றும் உண்டு. தூக்கி நிறுத்தும் வேலையில் அறுத்த பாகத்துக்கும் பின்பலகைக்கும் தனித்தனியே பாலிஷ் போட்டு முடித்துவிட்டுத்தான் பொருத்த முடியும். சாயமும் அவலரக்கும் ஒன்றின்மேல் ஒன்று வழியாது. பாலிஷ் பட்ட முகத்தில் பசை நன்றாகப் பிடிக்காது என்பது உண்மை. பாலிஷ் போடுவதற்கு முன்பே பொட்டு வரவேண்டிய இடங்களில் சிறு ஒட்டுநாடா ஒட்டி மறைத்துவிட்டு, கடைசியில் உரித்தால் அங்கே வெறும் மரம் காத்திருக்கும்.

வெல்வெட் விஷயத்தில் பொட்டும் உதவாது. வெல்வெட்டின்மேல் வைக்கும் பசை அதன் மயிரைத்தான் பிடிக்கிறது, பலகையை அல்ல. துணி தளர்ந்தால் படமும் சேர்ந்து சரியும். அங்கே பலகையின் பின்பக்கத்திலிருந்து துளை போட்டு, சிறு திருகாணிகளை வேலையின் கனமான இடங்களுக்குள் ஏற்றுவதே சரி. 3 மி.மீ. பிளைவுட்டில் திருகாணி பிடிக்க இடம் போதாது என்பதால், வேலையின் பின்னால் முதலில் சிறு கட்டைகளை ஒட்டிக்கொண்டு அவற்றில் திருக வேண்டும். துளையைத் திருகாணியைவிடச் சற்றுப் பெரிதாக விட்டால் மரத்தின் அசைவுக்கும் இடம் கிடைக்கும். வெல்வெட் வெளுத்த நாளில் திருகாணிகளைக் கழற்றினால் மயில் முழுசாகக் கைக்கு வரும். இது ஒன்றும் புதுத் தந்திரம் அல்ல, பழைய மேசைகளின் மேல்பலகை இப்படித்தான் அடியிலிருந்து திருகப்பட்டிருக்கும்.

நம் மரபிலிருந்தே ஒரு மறுப்பை எடுத்து நீட்டலாம். தஞ்சாவூர் ஓவியத்தில் பலாப் பலகையின்மேல் துணியை முழுக்கத்தானே ஒட்டுகிறார்கள்? புளியங்கொட்டைப் பசையும் சுண்ணமும் போட்டுப் பரப்பைக் கட்டி, அதன்மேல் கல்லும் தங்கத் தாளும் பதிக்கிறார்களே, அவை நிற்கவில்லையா? நிற்கின்றன. ஆனால் அங்கே ஒட்டுவது துணி. துணி பலகையோடு கொஞ்சம் இழுபடும், கொஞ்சம் தளரும், மரத்துண்டுபோல் முரண்டு பிடிக்காது. அப்படி இருந்தும் பழைய படங்களில் பலகை அசைந்த இடத்தில் சுண்ணப் பூச்சு கோடு விட்டு வெடித்திருப்பதையும், பசையைத் தேடி வந்த பூச்சி துணியைக் குடைந்திருப்பதையும் பார்க்கலாம். மைசூர் மரப்பதிப்பு வேலையைச் சொல்வதானால் அது வேறு கணக்கு. ஈட்டிப் பலகையில் பள்ளம் செதுக்கி, அறுத்த துண்டைப் பள்ளத்துக்குள் இறக்குகிறார்கள். மைசூர் அம்பா விலாஸ் அரண்மனையில் தந்தம் பதித்த ஈட்டிமரக் கதவுகளைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். துண்டைச் சுற்றிலும் பள்ளத்தின் சுவரே பிடித்துக்கொள்கிறது, துண்டுகளும் சிறியவை என்பதால் ஒவ்வொன்றின் அசைவும் அற்பம். பசைக்கு அங்கே துணை வேடம். அறுப்பு வேலையில் சுவர் கிடையாது, துண்டும் ஒரே நீளமாக ஓடுகிறது. அந்த முறையை இதற்கு அப்படியே கொண்டுவர முடியாது.

இப்போது யார் இதையெல்லாம் செய்கிறார்கள் என்று கேட்கலாம். செய்கிறார்கள், முன்னைவிட அதிகமாகவே செய்கிறார்கள். சட்டத்தைக் கையால் ஆட்டிய காலம் போய், மேசைமேல் நிற்கும் ஸ்க்ரோல் சா எந்திரம் வந்தது. அதற்குப் பின் வந்த லேசர், ஒரு விடுமுறை முழுக்க அறுத்ததைச் சில நிமிடங்களில் வெட்டித் தள்ளுகிறது. வீட்டின் பெயர்ப்பலகை, மணமக்களின் பெயர், கிரகப்பிரவேசத்துக்குப் பரிசாகப் பிள்ளையார் என்று தெருவுக்குத் தெரு கடை. வேகம் வந்ததும் பொருத்துவதும் வேகமாகிவிட்டது. பின்னால் நுரை நாடாவை ஒட்டி அமுக்கிக் கொடுத்துவிடுகிறார்கள். மேற்குப் பார்த்த சுவரில் சித்திரை வெயில் அடித்தால் அந்த நாடா இளகிப் படம் சாய்கிறது. இன்னும் அவசரம் என்றால் சொட்டு விட்டால் உடனே பிடிக்கும் சயனோ அக்ரிலேட் பசை. அது இறுகும்போது எழும் ஆவி சுற்றிலும் வெண்படலமாகப் படியும், கறுப்புப் பலகையில் அது தெளிவாகத் தெரியும். இறுகியபின் உடையும் தன்மை அதற்கு உண்டு, கதவை ஓங்கிச் சாத்தும் வீட்டில் ஒரு நாள் சடக்கென்று விட்டுவிடும். ரப்பர் கரைசல் பசையோ தொட்ட மாத்திரத்தில் பிடித்துக்கொள்ளும், ஒரு மி.மீ. கோணலாக வைத்துவிட்டால் நகர்த்த விடாது. மலிவாகக் கிடைக்கிறதே, கெட்டால் இன்னொன்று வாங்கிக்கொள்ளலாம் என்பது கடைக்காரரின் பதில். எந்திரம் வெட்டிய நூறு பிள்ளையாருக்கு அந்தப் பதில் செல்லும். கையால் அறுத்த ஒன்றுக்குச் செல்லாது. எந்திரத்தில் வெட்டியதிலும் தாத்தா பெயரோ குழந்தையின் பெயரோ இருந்தால் இன்னொன்று என்ற பேச்சே எடுபடாது.

பரணில் ஃபிரெட் சா மயில் ஒன்று கிடக்கிற வீடுகள் இன்னும் இருக்கும். அதைத் தூக்கிப் போடுமுன் ஒரு முயற்சி செய்து பாருங்கள். வெள்ளைப் பசையானால் வெதுவெதுப்பான வினிகரில் நனைத்த பஞ்சை ஒட்டிய விளிம்பில் வைத்துப் பொறுமையாகக் காத்திருந்தால் பிடி ஓரளவு இளகும், மெல்லிய தட்டைக் கத்தியை நார் ஓடும் திசையில் நுழைக்கலாம். வச்சிரமானால் வெந்நீரே போதும், அந்த வாடையும் இலவசம். பிளைவுட் பழையது என்பதால் அதிகம் நனையவிடாதீர்கள், அடுக்கு பிரிந்துவிடும். புதிதாக ஒன்றைப் பொருத்துகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். பின்பலகையின் முதுகில் பென்சிலால் நான்கு விவரம் எழுதி வையுங்கள்: என்ன மரம், என்ன பசை, பொட்டுகள் எந்தெந்த இடத்தில், எந்த மாதம் ஒட்டியது. பேனா மை மரத்தில் ஊறிப் பரவக்கூடும், அதனால் பென்சில்தான்.